முதலில் மணியைப் பாருங்கள்

அன்புள்ள ரீச்சர்,

உங்கள் கடிதத்தில் முக்கியமாக இரண்டு கேள்விகள். சின்னப் பிள்ளைகளுக்கும் பாரிசவாதம் வருமா? வந்தால் முல்லைத்தீவுப் பக்கம் இருக்கிற நாங்கள் என்ன செய்யலாம்? இரண்டுக்கும் விரிவாகவே எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன், நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் சும்மா ஒரு செய்தியாக எழுதிவிட்டுப்போன விசயத்துக்குப் பதில் சொல்லவேண்டும். அதுதான் அவசரம்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஓடிப் பழகும்போது விழுந்து, விக்கி விக்கி அழுத தரம் இரண்டுப் பிள்ளை. அழுது ஓய்ந்த கையோடு அவளுடைய வலது கை சோர்ந்து தொங்கியது, கதைத்தது குழறியது, பத்து நிமிடத்துக்குள் எல்லாம் பழையபடி. வெயில் பட்டிருக்கும் என்று தேசிக்காய்த் தண்ணி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் நின்ற எவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். இருந்தாலும் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, இன்றைக்கே அந்தப் பிள்ளையின் அம்மாவோடு கதையுங்கள். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். 'பத்து நிமிடம் வலது கையும் பேச்சும் போய்த் திரும்பி வந்தது' என்று அங்கே அந்தச் சொற்களிலேயே சொல்லவேண்டும். இப்போது ஓடி விளையாடுகிறாளே என்று விட்டுவிட வேண்டாம்.

காரணத்தைச் சொல்கிறேன். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடிகள் சில பிள்ளைகளுக்கு மெல்ல மெல்ல ஒடுங்கிக்கொண்டு வரும். மொயமொயா என்ற நோய் அப்படிப்பட்டது. யப்பானிய மருத்துவர்கள் முதலில் விவரித்தது. பிள்ளை சும்மா இருக்கும்போது ஒடுங்கிய நாடி வழியாக வருகிற இரத்தம் போதும். விம்மி அழுதாலோ, பலூன் ஊதினாலோ, சூடான சாப்பாட்டை ஊதி ஊதிச் சாப்பிட்டாலோ மூச்சு வேகமாக வெளியேறி, இரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது. அது குறைந்தால் மூளையின் இரத்தக்குழாய்கள் சுருங்கும். ஏற்கெனவே ஒடுங்கிய பக்கத்துக்கு அந்தச் சில நிமிடங்கள் இரத்தம் எட்டாது. கை சோரும், வாய் குழறும், மூச்சு ஆறியதும் திரும்பி வரும். உங்கள் மாணவிக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தில் நோய் கண்டுபிடிக்க முடியாது. வலிப்பாக இருக்கலாம், ஒருவகை ஒற்றைத் தலையிடியாகவும் இருக்கலாம். ஆனால் வந்துபோன பலவீனம் பெரிய பாரிசவாதத்துக்கு முன்னறிவித்தலாக இருக்கக்கூடும். அதைப் பார்த்துச் சொல்லவேண்டியவர் மருத்துவர்.

இனி உங்கள் முதல் கேள்வி. பிள்ளைகளுக்கும் பாரிசவாதம் வரும், அரிதாக வரும். பல நாடுகளில் எடுத்த கணக்குகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை என்றாலும், ஆண்டுக்கு ஒரு லட்சம் பிள்ளைகளில் ஓரிருவர் முதல் 13 பேர் வரை என்ற எல்லைக்குள் நிற்கின்றன. பெரியவர்களில் பெரும்பாலும் இரத்தக்கட்டி அடைப்பதுதான் காரணம். பிள்ளைகளில் ஏறக்குறைய பாதி அடைப்பு, பாதி இரத்தக்கசிவு. பிறக்கும் காலத்தை ஒட்டி வருவது இன்னும் கூட: 2,500 முதல் 4,000 பிறப்புகளுக்கு ஒன்று என்று சொல்கிறார்கள்.

அந்தப் பச்சைக் குழந்தைகளைப் பற்றி ஒரு சொல். அவர்களுக்கு வாய் கோணாது, கை விழுந்துவிட்டது என்று சொல்லவும் தெரியாது. பிறந்து ஓரிரு நாளில் ஒரு கையோ காலோ மட்டும் விட்டுவிட்டுத் துடிக்கும் வலிப்பு சிலருக்கு வரும். பலருக்கு ஒன்றுமே தெரியாது. நாலைந்து மாதம் கழித்து, கிலுக்கைப் பிடிக்க ஒரு கை மட்டும் நீளும், மற்றக் கை பொத்தியபடியே இருக்கும். 'இவன் தாத்தாவைப்போல இடதுகைக்காரன்' என்று வீட்டில் சந்தோசப்படுவார்கள். ஒரு வயதுக்கு முன் குழந்தை எந்தக் கையையும் தனியாகத் தெரிந்தெடுக்காது. தெரிந்தெடுத்தால் மற்றக் கைக்கு என்ன நடந்தது என்று பார்க்கவேண்டும். கிளினிக்கில் நிறை நிறுக்கும்போது குடும்பநல உத்தியோகத்தரிடம் இதைச் சொன்னால் போதும், அவர் சரியான இடத்துக்கு அனுப்புவார். உங்கள் பாடசாலைப் பெற்றோரில் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏன் வருகிறது? பெரியவர்களுக்குப் பிரஷர், சீனி, கொழுப்பு, சுருட்டு என்று சொல்லிவிடலாம். பிள்ளைகளின் காரணங்கள் வேறு. முதலில் இருதயம். இருதயத்தில் குறையோடு பிறந்த பிள்ளைகள், அதிலும் உதடும் நகமும் நீலம் பாயும் பிள்ளைகள், கவனத்துக்கு உரியவர்கள். அவர்களுக்கு வயிற்றோட்டமோ காய்ச்சலோ வந்து உடம்பில் நீர் வற்றினால் இரத்தம் தடித்துக் கட்டிபடச் சந்தர்ப்பம் உண்டு. வன்னியின் ஆடி ஆவணி வெயிலில் இது வெறும் புத்தகக் கதையில்லை. மூட்டுவாதக் காய்ச்சல் வந்து இருதய வால்வு பழுதான பிள்ளைகளும் அப்படித்தான். மூன்று நான்கு கிழமைக்கு ஒருதரம் போடும் பெனிசிலின் ஊசியை, 'இப்ப நல்லாத்தானே இருக்கிறான்' என்று இடையில் நிறுத்துவது வால்வை மேலும் கெடுக்கும்.

அடுத்தது கொப்பளிப்பான். அம்மாள் வருத்தம் என்று வேப்பிலை வைத்துப் பார்த்து, தண்ணி வார்த்து முடிந்தபிறகு வீடு அதை மறந்துவிடும். அந்தக் கிருமி சில பிள்ளைகளின் மூளை நாடிச் சுவரில் அழற்சியை விட்டுச்செல்கிறது. வந்து மாறிய முதல் ஆறு மாதத்தில் பாரிசவாதத்தின் சாத்தியம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்று பிரித்தானியாவில் எடுத்த ஒரு கணக்கு சொல்கிறது. மிகச் சிறிய ஒன்றின் நான்கு மடங்கும் சிறியதுதான். கொப்பளிப்பான் வந்த எல்லாப் பிள்ளைகளையும் நினைத்துப் பயப்படவேண்டியதில்லை. ஆனால் கை விழுந்த பிள்ளையைப் பார்க்கும் டொக்டருக்கு, 'மாசியில் கொப்பளிப்பான் வந்தது' என்ற ஒரு வசனம் பெரிய உதவி.

இரத்தச்சோகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு நோயில்லாமல் இருந்து பாரிசவாதம் வந்த சின்னஞ்சிறு பிள்ளைகளை, சுகமான பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கனடாவில் பார்த்தார்கள். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை அவர்களில் பத்து மடங்கு கூடுதலாக இருந்தது. இதற்கு மேல் கழுத்தில் பட்ட அடி: மாமரத்தால் விழுவது, சைக்கிளோடு விழுவது. கழுத்து நாடியின் உட்சுவர் கிழிந்து, அங்கே கட்டிபட்டு, நாலு நாள் கழித்தும் மூளைக்குப் போகலாம். காசநோயால் வரும் மூளைக்காய்ச்சலும் நாடிகளை அடைக்கும். இரத்தக்கசிவு என்றால், பிறவியிலேயே சிக்குப்பட்டுக் கிடக்கும் இரத்தக்குழாய் முடிச்சு வெடிப்பதுதான் பிள்ளைகளில் முதன்மையான காரணம். அந்தப் பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு கத்தும், சத்தி எடுக்கும், கெதியாக மயங்கும்.

எங்கள் பக்கத்துக்கென்று இன்னொன்றும் உண்டு: பாம்பு. புடையன் கடித்தவர்களுக்கு மூளையில் அடைப்பு ஏற்பட்டதை இலங்கை மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். கட்டுவிரியன் வேறு விதம். இரவில் பாயில் படுத்த பிள்ளையை நோவில்லாமல் கடித்துவிட்டுப் போகும். விடிய எழும்பும்போது இரண்டு கண்மடலும் தொங்கும், விழுங்க ஏலாது. அது பாரிசவாதம் அல்ல; நஞ்சு நரம்பைப் பிடித்தது. பாரிசவாதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தைப் பிடிக்கும், நஞ்சு இரண்டு பக்கத்தையும் பிடிக்கும். எதுவானாலும் போகவேண்டிய இடமும் வேகமும் ஒன்றுதான். வீட்டில் இருந்து பிரித்தறியப் பார்க்கவேண்டாம்.

பிள்ளைகளின் பாரிசவாதத்தில் உலகம் முழுக்க ஒரே குறை: யாரும் அதை நினைப்பதில்லை. 2009ஆம் ஆண்டு கனடாவின் டொரன்டோ நகரச் சிறுவர் வைத்தியசாலை மருத்துவர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். நோய் தொடங்கியதிலிருந்து அது பாரிசவாதம் என்று உறுதியாகும்வரை போன நேரத்தின் நடுமதிப்பு 22.7 மணித்தியாலம். நல்ல வீதியும் அம்புலன்சும் எம்.ஆர்.ஐ.யும் உள்ள நகரம் அது. அந்த நேரத்தின் பெரும்பகுதி, பிள்ளை ஆஸ்பத்திரிக்குள் வந்தபிறகுதான் போயிருக்கிறது. வலிப்பு வந்து களைத்த கை, ஒற்றைத் தலையிடி, முகநரம்பு வாதம் என்று பெயர் வைத்துக் காத்திருந்திருக்கிறார்கள். ஒரு வயோதிபருக்கு வாய் கோணினால் தெருவில் போகிறவரும் 'பாரிசவாதம்' என்பார். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கோணினால் படித்தவருக்கும் அது தோன்றாது. எங்கள் பக்கத்தில், 'பள்ளிக்கூடம் போகப் பஞ்சியில் நடிக்கிறான்' என்பதும் சேர்ந்துவிடும்.

நோயாளியைக் கொண்டுபோவது என்றால் என்னவென்று வன்னிக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2006 ஓகஸ்டில் போரால் முகமாலையில் ஏ9 வீதி மூடியபிறகு, பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர்கள் ஓமந்தையைத் தாண்ட அனுமதிக்கும் துணைவாகனத்துக்கும் காத்திருந்தார்கள். 2009 ஜனவரி 29இல் செஞ்சிலுவைக் குழுவின் வாகனங்கள் புதுக்குடியிருப்பிலிருந்து இருநூறுக்கு மேற்பட்ட காயக்காரரை வவுனியாவுக்குக் கொண்டுபோயின. அவர்களில் ஏறத்தாழ ஐம்பது பேர் பிள்ளைகள். அந்தத் தரைவழியும் போனபின், பெப்ரவரி 10 முதல் புதுமாத்தளன் கரையிலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு. உங்கள் பிள்ளைகளின் பெற்றோரில் சிலர் அந்தக் கரையில் நின்றவர்களாக இருப்பார்கள். அன்றைக்கு நேரத்தைத் தின்றது அடைபட்ட வழி.

இன்று ஏ9 திறந்திருக்கிறது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கும் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கும் வாகனம் ஓடுகிறது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கிய 1990 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலை 21இல் வடக்குக்கும் வந்தது. காசு இல்லை, தமிழில் கதைக்கலாம். அப்படியிருந்தும் நேரம் போகிறது. எங்கே போகிறது? வீட்டுக்குள். எண்ணெய் தடவிப் பார்க்கிறோம். நித்திரை கொண்டால் சரிவரும் என்கிறோம். கண்ணூறு என்று நாவூறு கழிக்கிறோம், நூல் கட்டுகிறோம். வயலுக்கோ கடலுக்கோ போன தகப்பன் வரட்டும் என்று பார்த்திருக்கிறோம். இரவானால் 'ரோட்டில யானை நிற்கும், விடியப் பாப்பம்' என்கிறோம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்தில் யானைப் பயம் உண்மைதான். ஆனால் பெரிய நாடி ஒன்று அடைபட்டால் ஒரு நிமிடத்தில் சுமார் 19 லட்சம் நரம்புக்கலங்கள் அழிகின்றன. பெரியவர்களை வைத்து 2006இல் போட்ட கணக்கு அது. விடியும்வரை என்பது மூளைக்கு மிக நீண்ட காலம்.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதல் பதில்: மணியைப் பாருங்கள். பிள்ளை கடைசியாகச் சுகமாக இருந்ததைக் கண்டது எத்தனை மணிக்கு? அதை ஒரு தாளில், தாளில்லாவிட்டால் உங்கள் கையிலேயே எழுதுங்கள். வகுப்பில் நடந்தால் அந்த மணியைத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். நித்திரையால் எழும்பும்போது கை விழுந்திருந்தால், எழும்பிய நேரம் கணக்கில்லை. படுக்கப்போகும்போது சுகமாக இருந்த நேரம்தான் கணக்கு. ஆஸ்பத்திரியில் செய்யலாம், செய்யக்கூடாது என்று முடிவாகும் பல விசயங்கள் அந்த ஒரு எண்ணில் தொங்குகின்றன.

சந்தேகம் வந்தால் பார்க்கவேண்டியவை சில. பிள்ளைக்கு முன்னால் குந்தியிருந்து, 'பல்லைக் காட்டு பாப்பம்' என்று சொல்லுங்கள். வாயின் ஒரு கரை மேலே போகாமல் நிற்கிறதா? இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க, கண்ணை மூடி, பத்து எண்ணும்வரை பிடிக்கச் சொல்லுங்கள். பலவீனமான கை முழுக்க விழாது. மெல்லக் கீழிறங்கி உள்ளங்கை உள்ளே திரும்பும். அதுவே போதிய அடையாளம். தன் பெயரையும் பாடசாலைப் பெயரையும் சொல்லச் சொல்லுங்கள். நாலடி நடக்கவிடுங்கள், ஒரு கால் இழுபடுகிறதா, குடித்தவர்போலத் தள்ளாடுகிறதா? இவை எல்லாம் ஒரு நிமிட வேலை. இவற்றில் ஒன்றும் இல்லாமல், முன்னறியாத கடும் தலையிடியோடு சத்தி, திடீரென்று பார்வை மங்குவது, காய்ச்சல் இல்லாமல் முதன்முதலாக ஒரு பக்கம் மட்டும் வலிப்பு என்று வந்தாலும் அதே அவசரம்தான். பெரியவர்களைவிடப் பிள்ளைகளில் வலிப்போடு தொடங்குவது அதிகம். வலிப்பு நின்றபின் கை சோர்வது சில மணித்தியாலத்தில் தானாக மாறக்கூடும். மாறும் என்று வீட்டில் இருந்து பார்க்கக்கூடாது.

பிறகு 1990. வீட்டு இலக்கம் இல்லாத எங்கள் ஊர்களில் இடம் சொல்வதுதான் பெரிய வேலை. எந்த வீதி, எந்தக் குளக்கட்டுக்குப் பக்கம், எந்த வாய்க்கால், எந்தக் கோவில் அல்லது சேர்ச், எந்தச் சந்தி என்று வரிசையாகச் சொல்லி, ஒருவரைச் சைக்கிளில் சந்திக்கு அனுப்பி நிற்க வையுங்கள். அம்புலன்ஸ் வர நேரமாகும் என்று அவர்கள் சொன்னால், வாகனம் ஆயத்தமாக நின்றால், கிட்டவுள்ள வைத்தியசாலைக்குப் போகலாம். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாய்க்குள் ஒன்றும் வேண்டாம்: தண்ணி வேண்டாம், சோடா வேண்டாம், குளிசை வேண்டாம். விழுங்கும் தசை பலவீனமாக இருந்தால் அது மூச்சுக்குழலுக்குள் போகும். டிஸ்பிரின், அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தால் அது கூட்டிவிடும். கசிவா அடைப்பா என்பது ஸ்கான் எடுக்காமல் யாருக்கும் தெரியாது. வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பதும் பல்லுக்கிடையில் கரண்டி வைப்பதும் வேண்டாம்.

புறப்படும்போது கிளினிக் கொப்பியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மருந்தும் கிலோக் கணக்கில்தான். நிறை அதில் இருக்கும். இருதயக் கிளினிக் அட்டை இருந்தால் அதுவும். அண்மையில் வந்த காய்ச்சல், கொப்பளிப்பான், கழுத்திலோ தலையிலோ பட்ட அடி, குடிக்கும் மருந்துகள், இவற்றைக் கையில் எழுதிய மணிக்குக் கீழே எழுதிக் கொடுங்கள். வாசலில் போய், 'பிள்ளைக்குச் சுகமில்லை' என்று சொல்லி வெளிநோயாளர் வரிசையில் இருக்கவேண்டாம். 'பத்தே காலுக்கு நல்லா இருந்தவள், இப்ப வலது கை வேலை செய்யவில்லை, பாரிசவாதமோ என்று சந்தேகம்' என்று அவசர சிகிச்சைப் பிரிவில் சொல்லவேண்டும்.

எந்த வைத்தியசாலை? புதுக்குடியிருப்பா, முல்லைத்தீவா, கிளிநொச்சியா, அல்லது நேரே யாழ்ப்பாணமா? 'சின்ன ஆஸ்பத்திரியில் ஒன்றும் இல்லை, நேரே பெரியாஸ்பத்திரிக்கே ஓட்டுவோம்' என்று பல குடும்பங்கள் நினைக்கின்றன. ஆனால் பிள்ளையின் பாரிசவாதத்தில் முதல் ஒரு மணித்தியாலத்தில் செய்யவேண்டியவற்றில் பெரும்பகுதி பெரிய இயந்திரம் கேட்பதில்லை. விரல் நுனியில் குத்திச் சீனி பார்க்கவேண்டும். சீனி இறங்கினாலே ஒரு பக்கம் விழுந்ததுபோலத் தெரியலாம், அதை அங்கேயே திருத்தலாம். மூச்சுவழியைக் காத்து, ஒட்சிசன் குறைந்தால் கொடுக்கவேண்டும். வலிப்பை நிறுத்தவேண்டும். காய்ச்சலை இறக்கவேண்டும், சூடான உடம்பில் காயப்பட்ட மூளை மேலும் கெடும். நீர் வற்றாமல் சேலைன் ஏற்றவேண்டும். பிரஷரை அவசரப்பட்டு இறக்கக்கூடாது. இவை அக்கராயனிலும் மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் தொடங்கக்கூடியவை. அதோடு அங்கேயிருக்கும் டொக்டர், அனுப்பப்போகும் இடத்துக்கு முதலே போன் எடுத்தால், ஸ்கான் அறை ஆயத்தமாக இருக்கும். வாகனம் போய் நின்றபிறகு ஆளைத் தேடுவதில் போகிற நேரம் மிச்சம்.

அடுத்த படி ஸ்கான். பிரித்தானியாவின் சிறுவர் மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் குறைந்தது சி.ரி. ஸ்கானாவது எடுக்கச் சொல்கிறது. இரத்தக்கசிவை சி.ரி. உடனே காட்டும், நரம்பியல் சத்திரசிகிச்சை உள்ள இடத்துக்குப் போகவேண்டுமா என்று அப்போதே தெரிந்துவிடும். ஆனால் புதிய அடைப்பை முதல் சில மணித்தியாலத்தில் சி.ரி. தவறவிடலாம். ஆகவே 'ஸ்கான் கிளியர்' என்று கேட்டதும் வீடு திரும்பவேண்டாம். கை இன்னும் விழுந்தே இருந்தால், எம்.ஆர்.ஐ. தேவையா என்று குழந்தைநல நிபுணரிடம் மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது குற்றமில்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, அநுராதபுரம் போதனா வைத்தியசாலை, அதற்கப்பால் கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை என்று மாற்றும் வழி நீளும். எந்த வழி என்பதை அனுப்பும் டொக்டர் முடிவெடுக்கட்டும்.

'கட்டியைக் கரைக்கிற ஊசி ஒன்று இருக்காமே, அது எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்குமா' என்றும் கேட்டிருக்கிறீர்கள். அல்டிபிளேஸ் என்ற அந்த மருந்து 1995இல் அமெரிக்க ஆய்வு ஒன்றில், மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் பெரியவர்களுக்குப் பலன் தருவதாகத் தெரிந்தது. 2008இல் ஐரோப்பிய ஆய்வு அந்த எல்லையை நாலரை மணித்தியாலமாக நீட்டியது. பிள்ளைகளுக்கு? அமெரிக்க அரசின் சுகாதார நிறுவனங்கள் காசு கொடுத்து 'டிப்ஸ்' என்று ஓர் ஆய்வைத் தொடங்கின. பிள்ளைகள் போதியளவு சேராததால் 2013 டிசம்பரில் நிறுத்தவேண்டி வந்தது. அதுவரை பார்த்த 93 பிள்ளைகளில் 43 பேருக்குத்தான் பாரிசவாதம் உறுதியானது. ஆய்வில் சேர்ந்து ஊசி ஏறியது ஒரே ஒரு பிள்ளைக்கு. மற்றவர்களில் பலருக்கு அந்த மருந்து ஒத்துவராத வேறு நோய்கள் இருந்தன. சிலருக்கு நேரம் தாண்டியிருந்தது.

அந்த ஆய்வு தோற்றது என்றுதான் கணக்கு. ஆனால் அதில் சேர்வதற்காக ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் முன்கூட்டியே ஒழுங்கு செய்தது: இரவில் ஸ்கானுக்கு யாரைக் கூப்பிடுவது, சின்னப் பிள்ளையை அசையாமல் படுக்கவைக்க மயக்கமருந்து கொடுப்பது யார், நரம்பியல் நிபுணருக்கு எந்த நிமிடத்தில் தகவல் போகவேண்டும். ஆய்வு நின்றபிறகும் அந்த ஒழுங்கு நின்றுவிடவில்லை. பிள்ளைகளின் பாரிசவாதத்துக்கு ஆயத்தமான ஆஸ்பத்திரிகள் அதனால் உருவாகின. இன்றும் அந்த ஊசி பிள்ளைகளுக்கு முறைப்படி அங்கீகாரம் பெற்றதல்ல. தெரிந்தெடுத்த சிலருக்கு, நேரத்துக்குள் வந்தால், நிபுணர்கள் யோசித்துக் கொடுப்பது. குழாய் விட்டுக் கட்டியை எடுக்கும் முறையும் அப்படி: ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 27 இடங்களில் அதைச் செய்துகொண்ட 73 பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்த ஒரு கணக்கு நம்பிக்கை தருகிறது. ஆனால் அதற்கு வேண்டிய கைகளும் கருவிகளும் இருக்கிற இடங்கள் இலங்கையில் மிகச் சில.

ஆகவே ஊசி கிடைக்குமா என்ற கேள்வியைப் பெரிதாக எடுக்காதீர்கள். கிடைக்காது என்று நினைத்துத் தாமதிப்பதுதான் ஆபத்து. பணக்கார நாடுகளிலும் பெரும்பாலான பிள்ளைகள் அந்த ஊசி இல்லாமலே சிகிச்சை பெறுகிறார்கள். கசிவு இல்லை என்று ஸ்கானில் தெரிந்தபின், பலருக்கு நிறைக்கேற்ற அளவில் அஸ்பிரின் தொடங்குகிறார்கள். இருதயம் காரணமானால் அல்லது நாளம் அடைபட்டிருந்தால் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. எந்த நாடி, ஏன் அடைபட்டது என்று கண்டுபிடிப்பதுதான் பிறகுள்ள பெரிய வேலை. அதுவே அடுத்த அடைப்பைத் தடுக்கும். நாடி அடைபட்டுப் பாரிசவாதம் வந்த 355 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த ஒரு பன்னாட்டு ஆய்வில், ஓராண்டுக்குள் நூற்றுக்குச் சுமார் 12 பேருக்குத் திரும்ப வந்தது. அதிலும் பாதிக்கு மேல் முதல் மாதத்துக்குள். கை கால் திருந்திவிட்டது என்று குளிசையை விடுவதும், யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்கு பஸ் காசில்லை என்று ஒருமுறை தவறவிடுவதும் அந்த மாதங்களில் ஆபத்து. ஒன்று கவனம்: அஸ்பிரின் குடிக்கும் பிள்ளைக்குக் கொப்பளிப்பானோ வைரஸ் காய்ச்சலோ வந்தால் அன்றே டொக்டரிடம் சொல்லவேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் அரிய நோயொன்று வரலாம்.

வீட்டுக்கு வந்தபிறகு அப்படிப்பட்ட பிள்ளை உங்கள் வகுப்புக்குத்தான் திரும்பி வருவாள். பாரிசவாதம் வந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஏதோவொரு குறையோடு வாழ்கிறார்கள். வெளியில் தெரியும் குறையைவிட, தெரியாத குறைதான் வகுப்பில் பிள்ளையை வருத்தும். கெதியாகக் களைப்பாள். சொல்வதெழுதலில் பின்தங்குவாள். சத்தத்தில் கவனம் சிதறும். சின்ன விசயத்துக்கும் கோபிப்பாள். குழப்படி என்று பெயர் வைக்காமல், முன்வரிசையில் இருத்தி, எழுத்து வேலையைக் குறைத்து, ஓய்வுக்கு இடம் கொடுங்கள். பலவீனமான கையைப் பழக்க, நல்ல கையை நாளில் சில மணித்தியாலம் கட்டிவைத்து, மற்றதால் விளையாட விடுவது பலன் தரும் ஒரு சிகிச்சை. பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுச் செய்யவேண்டியது. மாங்குளத்தில் நெதர்லாந்து உதவியோடு புனர்வாழ்வுச் சிகிச்சைக்கென்று அமைத்த நிலையம் இருக்கிறது. அனுப்பமுடியுமா என்று பிள்ளையைப் பார்க்கும் டொக்டரிடம் கேளுங்கள்.

பெற்றோர் கூட்டத்தில் இதைப்பற்றி நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நீண்ட பேச்சு வேண்டாம். பிள்ளைகளுக்கும் பாரிசவாதம் வரும் என்று சொல்லுங்கள். வாய், கை, பேச்சு, நடை திடீரென்று மாறினால் மணியை எழுதிக்கொண்டு 1990க்கு அடிக்கச் சொல்லுங்கள். மாறியது தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே காட்டச் சொல்லுங்கள். யாராவது ஒரு அப்பா எழும்பி, 'ரீச்சர், ஓடிப்போய் ஒன்றும் இல்லையென்று திருப்பி அனுப்பினால் வெட்கமல்லோ' என்று கேட்பார். அப்படித் திரும்பி வருபவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று அவருக்குச் சொல்லுங்கள். அவருக்கு அன்று போனது ஓட்டோக் காசும் ஒருநாள் கூலியும். வெட்கத்தில் வீட்டில் இருந்துவிட்டால் போகக்கூடியது பிள்ளையின் கை, பேச்சு, சிலவேளை உயிர்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து ஒருவரைக் கூட்டத்துக்கு அழைத்தால் இன்னும் நல்லது. தரம் இரண்டுப் பிள்ளையைக் காட்டியபிறகு என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.